எதிர்ச்சாரிக்குப் போகும் கடிதங்கள்

பிப்ரவரி 3

அன்புள்ள சின்னவளுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். எல்லோரும் என்றால் நானும் தையல் மெஷினும்தான். மெஷினுக்கு லேசான முனகல், எனக்கு இடது முழங்கால். நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள்?

விஷயத்துக்கு வருகிறேன். நகராட்சியிலிருந்து வீட்டுக்கு வீடு ஒரு நோட்டீஸ் வந்திருக்கிறது. ‘குடியிருப்புத் தெரு மேம்பாட்டுத் திட்டம்’ என்று தலைப்பு. மெயின் ரோட்டில் நெரிசல் என்றால் லாரிக்காரர்கள் நம் தெருவுக்குள் புகுந்து ஓடுகிறார்கள் அல்லவா? அதைத் தடுக்க ரோட்டைக் குறுக்கி, இரண்டு சாரியிலும் அகலமாக நடைபாதை போட்டு, மரம் நட்டு, விளக்கு வைக்கப் போகிறார்களாம். முதல் பக்கம் வரைக்கும் எனக்கும் வாயெல்லாம் பல்தான். இரண்டாம் பக்கத்தில்தான் விஷம். நம் சாரியில் இருக்கிற பதினோரு வீட்டு வாசற்படிகளும் நகராட்சி நிலத்தில் நீட்டிக்கொண்டு நிற்கின்றனவாம். இடித்துவிட்டு, வீட்டுக்குள் தள்ளிக் கட்டிக்கொள்ள வேண்டுமாம். படி உள்ளே வந்தால் முன்னறையில் மூன்று அடி போய்விடும். துணி வெட்டுகிற மேஜையை எங்கே போடுவேன், என் தலையிலா?

எதிர்ச்சாரிக்குப் படியே கிடையாது. அதனால் அங்கே ஒரே குதூகலம். அதிலும் நேர் எதிர் வீட்டுக் கணக்கு டீச்சர், உன்னோடு படித்தவள், காலே தரையில் பாவவில்லை. தெரு நலச் சங்கத்துக்கு அவளைச் செயலாளராக்கிவிட்டார்கள். நானும் நின்றேன். ஐந்து ஓட்டு. அதில் ஒன்று என்னுடையது.

போன வாரம் தபால்காரர் அவள் வீட்டில் ஒரு கவர் கொடுத்தார். முகவரி உன் கையெழுத்து. நல்ல கனம், இரண்டு ஸ்டாம்பு. எனக்கு நீ எழுதி ஆறு வாரம் ஆகிறது. நான் ஒன்றும் கேட்கவில்லை, கண்ணில் பட்டதைச் சொன்னேன்.

வீடு நம் இருவர் பெயரிலும் இருப்பதால் ஆட்சேபணைப் படிவத்தில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். இத்துடன் வைத்திருக்கிறேன், உடனே அனுப்பு. மாப்பிள்ளைக்கு ஒரு சட்டை தைத்திருக்கிறேன், தனிப் பார்சலில் வரும். அளவு பழைய நோட்டில் இருந்தது. தோள் சரியாக உட்காருகிறதா என்று அவரையே கேட்டு எழுது.

உன் பதிலுக்கு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
அக்கா


பிப்ரவரி 17

அன்புள்ள அக்கா,

கடிதமும் பார்சலும் வந்தன. நான் நன்றாக இருக்கிறேன். முழங்காலை டாக்டரிடம் காட்டினாயா? மெஷினுக்கு மட்டும் எண்ணெய் விட்டால் போதாது.

டீச்சர்தான் எனக்கு முதலில் எழுதினாள். நகராட்சி கொடுத்த வரைபடத்தை எப்படிப் படிப்பது என்று கேட்டிருந்தாள். பதினாறு வருஷமாக ரோடு இலாகாவில் படம் வரைகிறேன். வெளியாள் ஒருத்தி அதைப் பற்றிக் கேட்டது இதுதான் முதல் தடவை. பதில் நீண்டுவிட்டது. கவரின் கனம் மாதிரிப் படங்களால் வந்தது.

திட்டம் மோசமில்லை, அக்கா. படிப் பிரச்சினைக்கு வழி கண்டுபிடிக்கலாம். வெறுமனே ‘வேண்டாம்’ என்று எழுதிக்கொடுத்தால் எங்கள் ஆட்கள் அதைக் கோப்பில் வைத்துக் கட்டிவிட்டு வேலையைத் தொடங்கிவிடுவார்கள். அதனால் படிவத்தில் இப்போது கையெழுத்துப் போடவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

ஒன்று கேட்க வேண்டும். மாடி அறையில் இன்னும் துணி மூட்டைகள்தானா? மேற்கு ஜன்னல் திறக்க வருகிறதா?

முழங்காலைக் கவனி.
தங்கை


மார்ச் 4

அன்புள்ள சின்னவளுக்கு,

சுகம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. டாக்டரிடம் போனால் மெஷின் மிதிக்காதே என்பார். அதைக் கேட்க நான் எதற்கு அவ்வளவு தூரம் நொண்டிக்கொண்டு போக வேண்டும்?

உன் கடிதம் ஒரே பக்கம். பரவாயில்லை, வேலை இருக்கும்.

நீ கையெழுத்துப் போடாவிட்டால் போகட்டும், நான் சும்மா இருப்பேன் என்று நினைத்தாயா? ஞாயிற்றுக்கிழமை காலையில் இன்ச் டேப்பை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டேன். அறுபது அங்குலம் அளப்பது, சாக்பீஸால் ஒரு கோடு, அங்கிருந்து மறுபடியும் அறுபது அங்குலம். பக்கத்து வீட்டுச் சலவைக்கடைக்காரர் இஸ்திரிப் பெட்டியை நிறுத்திவிட்டு, “என்னங்க, தெருவுக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?” என்று கேட்டார். “ஆமா, மிச்சத் துணியில உங்க வாய்க்கு ஒரு பட்டன் வெச்சுத் தர்றேன்” என்றேன். பிறகு அவரே வந்து டேப்பின் மறுமுனையைப் பிடித்தார்.

என்ன கண்டுபிடித்தேன் தெரியுமா? எதிர்ச்சாரிக்காரர்கள் வீட்டு முன்னால் செடிக்கு மேடை கட்டியிருக்கிறார்கள் அல்லவா, அதெல்லாம் ஒன்றரை அடி நகராட்சி நிலத்தில் இருக்கிறது! நோட்டீஸில் இருக்கிற படத்தில் அந்த மேடைகளே இல்லை. நம் படி மட்டும் அவர்கள் கண்ணை உறுத்துகிறது.

டீச்சர் நேற்று ஜாக்கெட் கையைத் தளர்த்த வந்தாள். வந்த வேலையைச் சொல்லாமல், “உங்க தங்கச்சி லெட்டர் எழுதினா பக்கத்துல உக்காந்து பேசற மாதிரியே இருக்குங்க” என்றாள். நல்லவேளை, என் வாயில் குண்டூசிகள் இருந்தன. எனக்கு நீ எழுதுவது ஏதோ ஆபீசிலிருந்து வருகிற நோட்டீஸ் மாதிரி இருக்கிறது. உண்மையைச் சொன்னால் வயிறு எரிந்தது. ஜாக்கெட்டை நாலு நாள் தாமதமாகத்தான் கொடுப்பேன்.

மாடி அறையைப் பற்றி எதற்குக் கேட்கிறாய்? வாடகைக்கு விடலாம் என்று யாராவது சொன்னார்களா? விடமாட்டேன். மூட்டைகள் இருக்கட்டும்.

சட்டையைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லையே? தோள் பிடிக்கிறதா? மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பு.

அக்கா


மார்ச் 31

அன்புள்ள அக்கா,

நலம்தான். தாமதத்துக்கு மன்னித்துக்கொள். வீடு மாற்ற வேண்டியிருந்தது. இனிமேல் கவரில் உள்ள முகவரிக்கு எழுது. ஒரே அறைதான், ஆனால் ஆபீசுக்கு நடந்தே போய்விடலாம்.

நீ அளந்தது மிக நல்ல வேலை. செடி மேடைகள் படத்தில் விட்டுப்போனதை எந்த இன்ஜினியரும் கவனிக்கவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கு முன்னாலும் எத்தனை அங்குலம் என்று தனித்தனியாக எழுதி அனுப்புகிறாயா? நம் சாரிப் படிகளையும் சேர்த்து. அவசரம்.

மாடி அறையைச் சும்மாதான் கேட்டேன்.

நீ எழுதுவதில் முக்கால்வாசி எதிர் வீடு, அக்கா. மீதி கால்வாசி படி.

தங்கை


ஏப்ரல் 22

அன்புள்ள சின்னவளுக்கு,

சுகம், சுகமறிய ஆசை என்று முறையாகவே தொடங்குகிறேன். இல்லாவிட்டால் அதற்கும் ஒரு கால்வாசி கணக்குச் சொல்வாய்.

கேட்ட அளவுகள் தனித்தாளில் இருக்கின்றன. இருபத்திரண்டு வீடு, ஒன்று விடவில்லை. எதற்கு என்று நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. புது அறை காற்றோட்டமாக இருக்கிறதா? ஒரே அறையில் இரண்டு பேர் எப்படிப் புழங்குகிறீர்கள்? மாப்பிள்ளைக்கு வேலைக்குப் போகத் தூரமாகிவிடவில்லையா?

போன வியாழக்கிழமை பள்ளிக்கூடத்தில் கூட்டம் நடந்தது. சின்னப் பிள்ளைகள் உட்காருகிற பெஞ்சில் தெரு முழுக்க முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கவுன்சிலர், இன்ஜினியர், கூட ஒரு குமாஸ்தா. கவுன்சிலர் அரைமணி நேரம் மரத்தின் அருமையைப் பற்றிப் பேசினார். சலவைக்கடைக்காரர் எழுந்து, “மரம் நல்லதுதான் சார். எங்க படி என்ன பாவம் பண்ணுச்சு?” என்றார். நம் சாரி முழுக்கக் கை தட்டியது. எதிர்ச்சாரியில் அந்த மூலை வீட்டு ஓய்வுபெற்ற பேங்க்காரர், “பொது எடத்துல கட்டினா எடுக்கத்தான் வேணும்” என்றார். நான் விடுவேனா? “அப்ப உங்க ரோஜாச் செடியையும் எடுக்கச் சொல்லலாமா சார்? ஒன்றரை அடி, நானே அளந்தேன்” என்றேன். அவர் முகம் சுண்டிவிட்டது. இன்ஜினியர் அவசரமாக வரைபடத்தைப் பிரித்துப் பார்த்தார்.

அந்த நிமிஷம் கூட்டம் என் கையில் இருந்தது, சின்னவளே. அதற்குள் டீச்சர் எழுந்துவிட்டாள். குரலை உயர்த்தாமல், “சார், நாங்களே ஒரு மாற்றுத் திட்டம் கொடுத்தா பரிசீலிப்பீங்களா?” என்று கேட்டாள். இன்ஜினியர் யோசித்து, “பாதிக்கு மேல வீடுகள் சம்மதிச்சா பரிசீலிக்கலாம். பன்னெண்டு வீடு. ஜூன் ஒம்பதாம் தேதி வரைக்கும்தான் டைம்” என்றார். அவ்வளவுதான், எல்லோரும் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். அளந்தது நான். பேர் அவளுக்கு.

மாற்றுத் திட்டம் வரைய அவளுக்கு என்ன தெரியும்? பார்க்கலாம்.

கால் வலிக்கிறது, நிறுத்துகிறேன். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.
அக்கா


ஜூன் 7

அன்புள்ள அக்கா,

உடம்பு எப்படி இருக்கிறது? இங்கே ஒன்றும் குறைவில்லை.

இந்தக் கடிதம் ஒன்பதாம் தேதிக்குள் உன் கைக்கு வந்துவிட வேண்டும். டீச்சர் கொண்டுவரப் போகும் மாற்றுத் திட்டத்தை வரைந்தது நான். நீ அளந்து அனுப்பிய அளவுகளை வைத்துத்தான் வரைந்தேன். ரோட்டை எதிர்ச்சாரிப் பக்கம் ஒன்றரை அடி தள்ளியிருக்கிறேன். அவர்களுடைய செடி மேடைகள் போகும், நம் சாரியில் பதினோரு வீட்டுப் படிகளும் அப்படியே நிற்கும். உன் முன்னறையில் ஓர் அங்குலம்கூடக் குறையாது. எதிர்ச்சாரியில் யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். டீச்சர் மட்டும் போடுவதாகச் சொல்லியிருக்கிறாள். நம் சாரி பதினொன்றும் அவளும் சேர்ந்தால் சரியாகப் பன்னிரண்டு.

நம் வீட்டுப் படிவத்தை அவளே எனக்கு அனுப்பியிருந்தாள். என் இடத்தில் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டேன். உன் இடம் காலியாக இருக்கிறது.

முதலிலேயே உனக்குச் சொல்லியிருக்கலாம். அவளோடு சேர்ந்து செய்கிறேன் என்று தெரிந்தால் படத்தைப் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டாய் என்று பயந்தேன். படத்தில் உன் பெயர் எழுத முடியாது, ஆனால் அதில் இருக்கிற ஒவ்வோர் எண்ணும் நீ குனிந்து அளந்தது. கையெழுத்துப் போடு, அக்கா.

தங்கை


ஜூன் 9

சின்னவளே,

நலம். உன் கடிதம் எதுவும் வரவில்லை, ஏப்ரலுக்குப் பிறகு. வராமலே எழுதுகிறேன், ஏனென்றால் எழுதாமல் இருந்தால் வெடித்துவிடுவேன்.

இன்று கூட்டம். சுவரில் மாற்றுத் திட்டம் என்று ஒரு பெரிய படம் மாட்டியிருந்தார்கள். டீச்சர் பிரம்பை வைத்துக்கொண்டு விளக்க ஆரம்பித்தாள். படத்தில் இருந்த எண்களைப் பார்த்தேன். நாலு என்ற எண்ணை மேலே மூடாமல், கவிழ்த்துப் போட்ட நாற்காலி மாதிரி எழுதுகிறவள் உலகத்தில் ஒருத்திதான் இருக்கிறாள். எனக்குக் காது அடைத்துவிட்டது. அதற்கப்புறம் அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு ஒன்றும் தெரியாது. படி தப்பும் என்று சலவைக்கடைக்காரர் என் காதில் ஏதோ சொன்னார். அவள் போடுகிற திட்டத்தில் எங்கே கொக்கி இருக்கிறதோ என்றுதான் எனக்கு ஓடியது.

பிறகு படிவங்களைக் கொண்டுவந்தாள். நம் வீட்டுப் படிவத்தில் உன் கையெழுத்து! நாலு மாதமாக நான் அனுப்பிய படிவத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், அவள் அனுப்பியதும் போட்டிருக்கிறாய். “இங்க நீங்க போட்டா முடிஞ்சுதுங்க” என்று பேனாவை நீட்டினாள். நான் எழுந்து நின்றேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்: “இதை வரைஞ்சது இந்தத் தெருவுல இருக்கறவங்க இல்ல. வெளியூர்க்காரங்க வரைஞ்ச படத்துக்கு நான் எதுக்குக் கையெழுத்துப் போடணும்?”

டீச்சர் பேனாவை மூடிவிட்டாள். எண்ணிப் பார்த்தார்கள். பதினொன்று. ஒன்று குறைந்தது. நகராட்சித் திட்டமே உறுதி என்று இன்ஜினியர் எழுதிக்கொண்டார்.

அவள் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கு நிம்மதியாக இருந்தது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தும் வரைக்கும் இருந்தது.

அக்கா


ஜூன் 12

அன்புள்ள சின்னவளுக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும்.

ஏழாம் தேதி எழுதிய உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. நாலு தடவை படித்தேன்.

இரண்டு நாள் முன்னால் தபாலில் போட்டிருந்தால் என்ன? சரி, அதை விடு. படம் நன்றாகத்தான் இருந்தது. அளவுகள் எல்லாம் சரி.

நம் சாரியில் யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. சலவைக்கடைக்காரர் மட்டும் வந்து, “உங்களுக்கு என்ன கோவமோ, எங்க பத்து வீட்டுப் படியும் போச்சுங்க” என்றார். இதற்கு அவர் கத்தியிருந்தால் தேவலை.

‘வெளியூர்க்காரங்க’ என்று சொன்னதை யாராவது உனக்கு எழுதுவதற்கு முன்னால் நானே எழுதிவிட்டேன் என்பதையாவது கணக்கில் வை.

பதில் போடு.
அக்கா


ஆகஸ்ட் 4

அன்புள்ள சின்னவளுக்கு,

எட்டு வாரமாகிறது. நலமாக இருக்கிறேன் என்று ஒரு கார்டாவது போடக் கூடாதா?

நகராட்சி ஆபீசுக்கு இரண்டு தடவை போனேன். கையெழுத்துப் போடுகிறேன், படிவத்தைக் கொடுங்கள் என்றேன். “ஃபைல் மேல போயிடுச்சும்மா” என்று குமாஸ்தா விரலால் கூரையைக் காட்டினார். போன மாதம் ஒரு திங்கட்கிழமை படிகளை உடைத்துவிட்டார்கள். ஒரு காலைப்பொழுதில் பதினொன்றும் முடிந்தது. முன்னறையில் மூன்று அடியை வெட்டிப் படி கட்டியாயிற்று. மேஜை இப்போது சமையலறையில் இருக்கிறது. ரோடு முழுக்கப் பள்ளம், அந்தச் சாரிக்குப் போக ஒரு பலகை போட்டிருக்கிறார்கள். இனிமேல் லாரி வராதாம். மரக்கன்றுகள் கோணிப்பையில் கட்டி வரிசையாகக் காத்திருக்கின்றன. தெரு அழகாகத்தான் இருக்கும் போலிருக்கிறது. அதைச் சொல்லவும் நாக்கு கூசுகிறது.

டீச்சர் மாடிக்கு வெள்ளையடிக்கிறாள். யாரோ குடி வருகிறார்களாம். ஜன்னல் திரைக்கு என்னிடம்தான் துணி கொடுத்தாள். அவ்வளவு நடந்த பிறகும் கொடுக்கிறாளே என்று ஒரு பக்கம் கோபம், ஒரு பக்கம் வேறு என்னவோ. யாருக்கு என்று கேட்டேன். “தெரிஞ்சவங்கதாங்க” என்றாள். இளநீலத் துணி. நன்றாகவே தைத்துக் கொடுத்தேன், வேலையில் நான் பழி வாங்குவதில்லை. ஜாக்கெட்டில் மட்டும் வாங்கினேன்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் என்மேல் இருக்கிற கோபம் எப்போது தீரும்?

அக்கா


ஆகஸ்ட் 23
டீச்சர் வீட்டு மாடி, எதிர்ச்சாரி

அன்புள்ள அக்கா,

உன் உடம்பைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை. ஜன்னலிலிருந்து பார்க்கிறேன். இடது காலை நீட்டிக்கொண்டு வலது காலால் மட்டும் மெஷினை மிதிக்கிறாய். நான் வந்து இறங்கிய அன்று நீ தலையை நிமிர்த்தவில்லை. சாயங்காலம் ஜன்னலைச் சாத்தியவள் மறுநாள்தான் திறந்தாய். பலகையைத் தாண்டி வர எனக்கும் தைரியம் வரவில்லை. அதனால் தபாலில் எழுதுகிறேன். முப்பது அடிக்கு ஒரு ஸ்டாம்பு.

அவர் போய் எட்டு மாதமாகிறது. வேறு ஊர், வேறு வீடு, வேறு மனைவி. ஜனவரியிலேயே இந்த ஊருக்கு மாற்றல் கேட்டு எழுதிப் போட்டிருந்தேன். மாடி அறை காலியாக இருக்கிறதா என்று உன்னைக் கேட்டது அதற்காகத்தான். டீச்சரிடம் சொன்னேன், ஏனென்றால் அவள் கேட்டாள். “உன் கடிதத்தில் ‘நாங்கள்’ என்பதே இல்லையே, என்ன ஆச்சு?” என்று இரண்டாவது கடிதத்திலேயே கேட்டாள்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்கு முன்னால் அவர் ஒரு வருஷம் உன் கடைக்கு வந்துகொண்டிருந்தார். ஒரே சட்டைக்கு நாலு தடவை பட்டன் வைக்க வந்தார். அவர் யாருக்காக வருகிறார் என்று நீ நினைத்துக்கொண்டிருந்தாய் என்பது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தேதான் கட்டிக்கொண்டேன். நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. இத்தனை வருஷமும் ‘மாப்பிள்ளைக்கு விசாரிப்பு’ என்று மட்டும் எழுதினாய். அந்தச் சட்டை என் பெட்டியில் பிரிக்காமல் இருக்கிறது.

அவர் போய்விட்டார் என்று சொன்னால் நீ அழுவாய். எனக்குத் தெரியும், என்னைவிட அதிகமாக அழுவாய். ஆனால் அழுவதற்கு முன்னால் ஒரே ஒரு நொடி சந்தோஷப்படுவாய். அந்த ஒரு நொடியைத்தான் என்னால் பார்க்க முடியாது என்று தோன்றியது.

உன் வாசற்படிக்காகத்தான் அந்தப் படத்தை வரைந்தேன், அக்கா. உன்மேல் அந்த ஒரு நொடியைச் சுமத்தியதற்கு ஈடு கட்டுகிற மாதிரி. அது முடியாமல் போனது உன் தவறு மட்டுமில்லை.

தங்கை


ஆகஸ்ட் 25

சின்னவளே,

சுகமா? சாப்பிடுகிறாயா? சமையலுக்குப் பாத்திரம் இருக்கிறதா? படுக்க என்ன போட்டிருக்கிறாய்? எட்டு மாதமாகக் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள், ஒன்றாக வருகின்றன. பொறுத்துக்கொள்.

நீ வந்த அன்று வண்டியிலிருந்து பெட்டி இறங்கியதைப் பார்த்தேன். ஏதோ லீவில் வந்திருக்கிறாய், வந்த இடத்தில் முதலில் அவள் வீட்டுக்குப் போகிறாய் என்று நினைத்தேன். ஒரு தையலையே கோணலாக ஓட்டிவிட்டேன். சாயங்காலம் டீச்சர் பலகையில் தட்டுத்தடுமாறி வந்தாள். வாசலில் நின்றுகொண்டே, “அவர் விட்டுட்டுப் போய் எட்டு மாசமாச்சுங்க. உங்களுக்குத் தெரியும்தானே?” என்று கேட்டாள்.

“எல்லாம் தெரியும்” என்றேன். பொய். அவளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது என்று அவள் முன்னால் நிற்க முடியவில்லை. அவள் நம்பவில்லை என்று நினைக்கிறேன். அப்படியும் நம்பிய மாதிரித் தலையாட்டிவிட்டுப் போனாள். நல்லவள்தான். அதை எழுதக் கை வலிக்கிறது.

நீ எழுதியது சரி. அந்த ஒரு நொடி வந்தது. டீச்சர் வாயிலிருந்து அந்த வார்த்தை விழுந்ததும், ‘அப்படியானால் அவளுக்கும் இல்லை’ என்று உள்ளுக்குள் ஒன்று துள்ளியது. இல்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன். செய்தால் நீ நம்ப மாட்டாய், நானும் நம்ப மாட்டேன். அவர் தோள் அளவு பதினெட்டேகால் என்று நோட்டைப் பார்க்காமலே சொல்லக்கூடியவள் நான். இவ்வளவு வருஷமும் ‘விசாரிப்பு’ என்று எழுதும்போதெல்லாம் பேனா ஒரு கணம் நின்றுதான் நகரும்.

ஆனால் நீ ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டாய். ஒரு நொடி என்றால் ஒரு நொடிதான். அது போன பிறகு மிச்சமிருந்த நேரம் முழுக்க நீ அந்த ஒரே அறையில் தனியாக எப்படிப் புழங்கியிருப்பாய் என்பதுதான் கண்முன்னால் நின்றது. ‘இரண்டு பேர் எப்படிப் புழங்குகிறீர்கள்’ என்று வேறு கேட்டேன். அதைப் படித்தபோது உன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்து, மெஷினில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். ஜன்னலைச் சாத்தியது அதற்காகத்தான். உன்னைப் பார்க்கப் பிடிக்காமல் அல்ல.

சலவைக்கடைக்காரர் வீட்டுக்கும் மற்ற ஒன்பது வீட்டுக்கும் போய்விட்டு வந்தேன். உன் படத்தில் படிகள் தப்பியிருந்தன, வயிற்றெரிச்சலில் நான்தான் கெடுத்தேன் என்று வீட்டுக்கு வீடு சொன்னேன். சலவைக்கடைக்காரர் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். மூன்றாவது வீட்டுக்காரி கதவைத் திறக்கவில்லை.

மாடி அறை மூட்டைகளைக் கீழே இறக்கிவிட்டேன். மேற்கு ஜன்னல் திறக்க வரவில்லை, தச்சரை வரச் சொல்லியிருக்கிறேன். இதையெல்லாம் வா என்று கூப்பிடுவதற்காகச் சொல்லவில்லை. வெள்ளையடித்துத் திரை போட்டு வைத்திருக்கிறாள், நீ அங்கேயே இருக்க நினைத்தால் இரு. எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கும். அந்த மாடி விளக்கு எரியும்போதெல்லாம் அவளோடு என்ன பேசிக்கொண்டிருக்கிறாய் என்றுதான் யோசிப்பேன். அது இந்த வயதில் போகாது. அதற்காக நீ ஒன்றும் செய்ய வேண்டாம்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவளிடம் நீ சொல்லாத விஷயம் ஏதாவது இருந்தால், எவ்வளவு சின்னதாக இருந்தாலும் சரி, அதை என்னிடம் சொல்.

அக்கா